பந்தி விசாரிக்க ஆளில்லாத பந்தி: ரயிலில் முன்பின் தெரியாதவர்களோடு சாப்பிட ஒரு வழிகாட்டி

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கு யார் வந்து உட்காருவார் என்பது நம் கையில் இல்லை. ஒன்றுவிட்ட மாமாவாக இருக்கலாம், மாப்பிள்ளை வீட்டு வேன் டிரைவராகவும் இருக்கலாம். ஆனால் அங்கே பந்தி விசாரிக்க ஒரு பெரியவர் இருப்பார். “இந்த இலைக்கு ரசம் வரலையே, தம்பி இங்க பாரு” என்று குரல் கொடுத்துக்கொண்டே நடப்பார். யார் கூச்சப்படுகிறார், யாருக்கு நிஜமாகவே போதும் என்பதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ இரவு ரயில் ஏறிப் பொட்டலத்தைப் பிரிக்கிறோமே, அதுவும் அப்படி ஒரு பந்திதான். விசாரிக்கத்தான் ஆள் கிடையாது. அந்த வேலையை உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரும் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் வேலைக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ கிளம்பும் பிள்ளைகளையும், மாற்றலாகி டெல்டாவுக்கு வந்து ஊர் வழக்கம் பிடிபடாமல் முழிப்பவர்களையும் நினைத்து இதை எழுதுகிறேன்.

மேசை எங்கே இருக்கிறது

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒரு தடுப்புக்கு எட்டு பெர்த். எதிரெதிரே லோயர், மிடில், அப்பர் என்று ஆறு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் சைடு லோயரும் சைடு அப்பரும். ஏசியில் ஜன்னலோரம் ஒரு குட்டி மடிப்பு மேசை இருக்கும், இரண்டு தண்ணீர் பாட்டில் வைத்தால் அது நிறைந்துவிடும். ஆகவே லோயர் பெர்த்துதான் நாற்காலி, அதுவேதான் மேசை, சாப்பாடு முடிந்த பிறகு அதுவே ஒருவருக்குப் படுக்கை. இந்தக் கடைசி விஷயத்தை மறக்காமல் இருந்தாலே ரயில் சாப்பாட்டில் பாதி மரியாதை தானாக வந்துவிடும்.

நிஜமான மேசை நாற்காலி போட்ட சாப்பாட்டுப் பெட்டி நம் பக்கத்து ரயில்களில் இல்லை. மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே 1930-லிருந்து ஓடும் டெக்கான் குயினில் இன்றும் உண்டு. அமெரிக்காவில் மகனைப் பார்க்கப் போன என் சித்தி, சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போகும் செஃபிர் ரயிலில் அப்படிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அங்கே நான்கு பேருக்கு ஒரு மேசை. இரண்டு பேராகப் போனால் மீதி இரண்டு நாற்காலிக்கு யாரோ இருவரை ஊழியரே அழைத்துவந்து உட்காரவைப்பாராம். “நம்ம பந்தி மாதிரிதான்டா, விசாரிக்கிறவர் மட்டும் இங்கிலீஷ்ல விசாரிக்கிறார்” என்றார் சித்தி. எதிரே உட்கார்ந்த கிழவர் பெயர் சொல்லிக் கை நீட்டியதும் இவர் கையைப் பார்த்ததும்தான் மூன்று மாதத்துக்கு வீட்டில் பேச்சு.

நமக்கு அந்த வசதி இல்லை. நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

கிளம்புமுன் கட்டுவது

டெல்டாவிலிருந்து சென்னை போகும் இரவு ரயில்களில் பேன்ட்ரியை நம்பி ஏறாதீர்கள். ஐஆர்சிடிசியில் பிஎன்ஆர் கொடுத்துச் சில ஸ்டேஷன்களில் சாப்பாட்டை இருக்கைக்கே வரவழைக்கலாம்தான். ஆனால் நம் இரவு ரயில்கள் பெரும்பாலும் சாப்பாட்டு வேளையை ஒட்டியே கிளம்புகின்றன. கட்டிக்கொண்டு போவதே உத்தமம்.

இட்லி என்றால் மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, அடுப்பில் வாட்டிய வாழை இலையில் கட்டுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும், பிறகு எண்ணெய் பையெல்லாம் இறங்கும். புளியோதரையை அகலமான தட்டில் பரத்தி ஆறவிட்டுத்தான் டப்பாவில் அடைக்க வேண்டும், சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து சாதம் நொசநொசத்துப் போகும். தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைந்தால் சாப்பிடும் நேரத்துக்குப் பதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். தக்காளித் தொக்கு நல்லது. மோர்மிளகாய் எடுத்துப் போங்கள், அது கடிபடும் சத்தத்திலேயே எதிர் பெர்த்துக்காரர் பேச்சுக்கு வந்துவிடுவார்.

நீர்க்கக் குழம்பு எதுவும் கூடவே கூடாது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். ஒருமுறை பாலிதீன் கவரில் வற்றல் குழம்பு கொண்டுபோனேன். கும்பகோணம் தாண்டி வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. கவர் வழுக்கி லோயர் பெர்த்தின் ரெக்ஸின் தையலுக்குள் குழம்பு இறங்கிவிட்டது. அது என் பெர்த் இல்லை, அறுபது வயதுக்காரர் ஒருவருடையது. என்னிடம் இருந்த துண்டு, பிறகு அவருடைய பேப்பர், பிறகு தண்ணீர் என்று துடைத்தும் புளிவாசனை போகவில்லை. என் பெர்த்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் அது அப்பர், அவரால் ஏற முடியாது. கடைசியில் சைடு லோயர்க்கார இளைஞர் ஒருவர் தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் புளிவாசனையில் படுத்தார்.

எந்த நூலிலும் சொல்லாத ஒரு விஷயம்: உங்களுக்கு ஒரு பொட்டலம், அடுத்தவருக்கு ஒரு பொட்டலம் என்று தனித்தனியாகக் கட்டுங்கள். நாம் கை வைத்துச் சாப்பிட்டதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் எச்சில். பத்தில் ஐந்து பேருக்கு அது ஒத்துவராது, வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். நாலு இட்லி, இல்லையென்றால் கொஞ்சம் முறுக்கு, கூடுதலாகத் தனியாக இருந்தால் போதும். யாரும் வாங்கவில்லையா, காலையில் நமக்கே டிபன் ஆச்சு. அச்சடித்த பேப்பரில் நேராகச் சாப்பாட்டை மடிக்காதீர்கள், மை ஒட்டும். உள்ளே இலை இருக்கட்டும்.

ஏறியதும்

முதல் பத்து நிமிஷம் சாப்பாட்டை எடுக்காதீர்கள். பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளுங்கள், டிடிஆர் வந்து போகட்டும், யார் யாருக்கு எந்த பெர்த் என்று தெரியட்டும். ஆனால் ரொம்பவும் தள்ளிப்போடவும் கூடாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை தூங்கும் நேரம் என்பது ரயில்வே விதி. மிடில் பெர்த்துக்காரர் பத்து மணிக்குத் தன் பலகையைத் தூக்கி மாட்டக் கேட்டால் நீங்கள் மறுக்க முடியாது. மாட்டிவிட்டால் அதற்குக் கீழே கழுத்தை மடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும், சாப்பாடு இறங்காது. ஒன்பதரைக்குள் கை கழுவுகிற மாதிரி கணக்குப் போடுங்கள். தஞ்சாவூரில் ஏறினவர்களுக்குக் கும்பகோணம் வருவதற்குள் இலையைப் பிரித்துவிடுவது சரியான தருணம். ஆடுதுறை, குத்தாலம் வரும்போது கடைசிக் கவளம். கொள்ளிடம் பாலம் தடதடக்கும்போது விளக்கு அணைந்திருக்க வேண்டும்.

உங்கள் பெர்த் லோயர் இல்லையென்றால், லோயர்க்காரரிடம் “இங்க உக்காந்து சாப்பிட்டுக்கலாங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரவு பத்து மணி வரை அது எல்லோரும் உட்காரும் இடம்தான், உரிமை உங்களுக்கும் உண்டு. இருந்தாலும் கேட்டால் அவர் நகர்ந்து உட்காரும் விதமே வேறு. மடியில் ஒரு துண்டு, அதன்மேல் டப்பா. சீட்டில் நேராக இலையை விரிக்க வேண்டாம்.

“சாப்பிடலாம் வாங்க”

இலையைப் பிரித்தவர் சுற்றி இருப்பவர்களைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் சாப்பிட ஆரம்பிப்பது டெல்டாவில் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரி. வெளியூரிலிருந்து வந்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த என் அலுவலக நண்பர் ஒருவர், எதிர் சீட்டு அம்மா “சாப்பிடலாம் வாங்க தம்பி” என்றதும் நிஜமாகவே எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவும் சளைக்கவில்லை, இரண்டு சப்பாத்தியை எடுத்து வைத்துவிட்டார். அப்புறம் அவருக்கு எத்தனை மிச்சம் இருந்தது என்று நண்பர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் அழைப்பு மரியாதைக்கு. அதற்குப் பதில் “இருக்கட்டும்மா, நீங்க சாப்பிடுங்க” அல்லது “இப்பத்தான் ஆச்சு”. இரண்டாவது முறை, “அட ஒரு இட்லி எடுத்துக்கங்க, வீட்ல செஞ்சது” என்று பொருளைக் காட்டிச் சொன்னால் அது பாதி நிஜம். மூடியில் வைத்து உங்கள் பக்கம் நீட்டியே விட்டார்கள் என்றால் அது முழு நிஜம். அந்த இடத்தில் வேண்டாம் என்பதானால் காரணம் சொல்லித்தான் சொல்ல வேண்டும். வயிறு சரியில்லை, விரதம், மாத்திரை சாப்பிடுகிறேன், எதுவாக இருந்தாலும் சரி. வெறும் ‘வேண்டாம்’ அவர்கள் கையில் சமைத்ததை வேண்டாம் என்பதாகப் போய்விடும்.

நீங்கள் கொடுப்பவராக இருந்தாலும் இதே மூன்று படிதான். மூன்றாவது முறைக்கு மேல் வற்புறுத்தாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குத் திருவையாறு அசோகா அல்வாவைத் திணிக்கும் பாசம் ரயிலுக்கு ஆகாது.

அசைவம் கொண்டுவந்திருந்தால் டப்பாவைத் திறக்குமுன் ஒரு கேள்வி: “முட்டைக் குருமா இருக்கு, வாசனை ஒண்ணும் தொந்தரவு இல்லையே?” பெரும்பாலும் “நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க” என்றுதான் பதில் வரும். கேட்டதுதான் முக்கியம். சைவக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவது அநாகரிகம். கருவாடு மட்டும் மூடிய ஏசி பெட்டிக்கு வேண்டாம், அதில் எனக்குச் சமரசம் இல்லை. இத்தனைக்கும் நான் கருவாட்டுப் பிரியன்.

கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட சாமிகள் இருப்பார்கள். நோன்பு மாதத்தில் நாகூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் மாலை வண்டியில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் பிரிக்கப்போகும் பொட்டலத்தைக் கால் மணி நேரம் தள்ளிவைத்தால் குடி முழுகாது. அப்படி ஒருமுறை காத்திருந்ததற்கு ஒரு பாய் பிளாஸ்க்கிலிருந்து நோன்புக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். என் மிளகாய்ப்பொடி இட்லி அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயிற்று, காரம் தாங்காமல் மூன்றும் தண்ணீர் தண்ணீர் என்று கத்தின.

காரைக்கால் எர்ணாகுளம் வண்டியிலும் வேளாங்கண்ணி வண்டியிலும் மலையாளிகள் நிறைய வருவார்கள். அவர்களிடம் இந்த மூன்றுமுறை ஆட்டம் செல்லாது. வேண்டுமென்றால் வாங்கிக்கொள்வார்கள், வேண்டாமென்றால் சிரித்துத் தலையாட்டுவார்கள். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

“எந்தத் தெரு?”

சாப்பாடு பாதி இறங்கியதும் பேச்சு ஆரம்பிக்கும். எந்த ஊர், என்ன படிப்பு, எங்கே வேலை, சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் வரும். சம்பளக் கேள்விக்குக் கோபப்படாதீர்கள், “கைக்கும் வாய்க்கும் சரியா இருக்குங்க” என்றால் முடிந்தது. கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த கேள்வி: “திருவாரூர்ல எந்தத் தெரு?”

புதிதாக வந்தவர்கள் இதை விலாசம் விசாரிப்பதாக எடுத்துக்கொண்டு அப்பாவியாகப் பதில் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பது. எல்லோரும் அந்த நோக்கத்தோடு கேட்பதில்லை என்பது உண்மைதான். சிலருக்கு அங்கே நிஜமாகவே சொந்தக்காரர் இருப்பார். ஆனால் கேட்டுவிட்டு, பதிலைப் பொறுத்து டப்பாவைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்ட கையை நான் பார்த்திருக்கிறேன். தென்னிந்திய ரயில்வே காலத்தில் ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளிலேயே பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது. பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941-இல்தான் அது எடுக்கப்பட்டது. இப்போது பலகை இல்லை, கேள்விதான் மிச்சம்.

“பஸ் ஸ்டாண்டு பக்கம்” என்பது எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த பதில். எந்த ஊரிலும் செல்லும். விடாமல் கேட்டால், “நீங்க அங்க யாரைப் பார்க்கணும்?” என்று திருப்பிக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே கேட்கலாம். நீங்கள் யாரிடமும் தெருவைக் கேட்காதீர்கள்.

வாங்கிச் சாப்பிடலாமா

முன்பின் தெரியாதவர் கொடுக்கும் எதையும் சாப்பிட வேண்டாம் என்று ரயில்வே போலீஸ் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மயக்க மருந்து கலந்த பிஸ்கட்டும் டீயும் கொடுத்துப் பெட்டியைத் தூக்கிப்போகிற வேலை கற்பனை இல்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் நான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. குடும்பமாக வந்தவர்கள், ஒரே பாத்திரத்திலிருந்து தாங்களும் பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டே கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். நாமே உரிக்கும் வாழைப்பழம், ஆரஞ்சு, பிரிக்காத பாக்கெட் என்றால் யோசிப்பதில்லை. தனியாக வந்தவர், தான் சாப்பிடாமல் எனக்கு மட்டும் கொடுத்தால் வாங்க மாட்டேன். பிரித்த பாட்டில், ஏற்கெனவே ஊற்றிவைத்த டீ, குளிர்பானம் இவற்றுக்கு எந்தச் சூழலிலும் இல்லை. நகையோ பணமோ கையில் இருந்தாலும், பெண்கள் தனியாகப் போகும்போதும், யாரிடமும் எதுவும் வாங்காமல் இருப்பதே சரி. அதற்காகக் கூச்சப்பட வேண்டாம், “டாக்டர் வெளிச் சாப்பாடு கூடாதுன்னுட்டார்” என்று ஒரு பொய் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. சொன்னால் கேட்காமல் தொந்தரவு தருபவராக இருந்தால் 139-க்கு அழையுங்கள்.

அதே கணக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நாம் கொடுத்ததை ஒருவர் வாங்கவில்லை என்றால் அவரும் இந்த அறிவிப்பைக் கேட்டவர்தான்.

ஆர்ஏசி வந்துவிட்டால்

ஒரு சைடு லோயரை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்வது ஆர்ஏசி. படுக்கையை மடக்கி இருக்கையாக்கினால் எதிரெதிரே இரண்டு இருக்கை, ஜன்னல், வெளியே இருட்டு. அமெரிக்க ரயிலின் மேசைக்கு நம்மிடம் உள்ள மிக நெருக்கமான சாதனம் இதுதான் என்பேன். ஆனால் இருவரின் முழங்காலுக்கும் நடுவே உள்ளங்கை அகலம்தான் இடைவெளி. ஆகவே ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடுங்கள். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளலாம். சைடு அப்பர்க்காரருக்கும் இரவு பத்து மணி வரை கீழே உட்கார உரிமை உண்டு, அவர் கால் தலைக்கு மேல் தொங்குகிறது என்றால் முதலில் அவரை இறங்கச் சொல்லி இடம் கொடுப்பது நம் சாப்பாட்டுக்கும் நல்லது. நடைபாதையில் போகிற ஒவ்வொருவரின் பையும் உங்கள் முழங்கையில் இடிக்கும். டப்பாவை ஜன்னல் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், கை, இலை

அடுத்தவர் பாட்டிலில் வாய் வைக்கக் கூடாது, அண்ணாந்து குடிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஓடும் ரயிலில் எப்படி என்பதுதான் கேள்வி. நிறைந்த பாட்டிலில் முயன்றால் சட்டை நனையும். பாதி பாட்டில், முதுகைச் சாய்த்துக்கொண்டு, வண்டி பாயின்ட் மாறி ஆடி முடித்த பிறகு, சின்னச் சின்ன வாயாக. வராது என்றால் ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துப்போங்கள், அதுவே புத்திசாலித்தனம்.

வாஷ்பேசினில் சோற்றைக் கழுவாதீர்கள், இரண்டு பேர் செய்தால் அடைத்துக்கொள்ளும். விரலை முதலில் இலையிலேயே வழித்துவிட்டு, இலையை உள்பக்கமாக மடித்து, கவரில் போட்டு முடிந்து, பேசின் பக்கம் இருக்கும் குப்பைத்தொட்டியில் போடுங்கள். கழிவறைக்குள் வேண்டாம். ஜன்னல் வழியாகவும் வேண்டாம், பின்னால் ஜன்னலோரம் கன்னத்தை வைத்துத் தூங்குகிறவர்மேல் அது போய் விழும். திரும்பி வந்ததும் ஈரத்துணியால் சீட்டை ஒரு துடை துடைத்து, “படுத்துக்கங்க ஐயா” என்று சொல்லிவிட்டு மேலே ஏறுங்கள். சாப்பாடு அப்போதுதான் முடிந்தது.

காலையில் பாத்திரம்

யாராவது டப்பாவோடு கொடுத்திருந்தால் கழுவித்தான் தர வேண்டும், வெறுமனே தரக் கூடாது. கிராமத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த கிண்ணத்தைக் காலியாகத் திருப்ப மாட்டார்கள், கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். ரயிலிலும் அதுதான் வழக்கம். ஒரு வாழைப்பழம், இரண்டு முறுக்கு, கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை நாலு, எது இருக்கிறதோ அது.

ஒருமுறை மயிலாடுதுறையில் ஏறிய ஒரு பாட்டி எனக்குச் சின்ன எவர்சில்வர் டப்பா நிறையத் தயிர்சாதம் கொடுத்தார். காலையில் தாம்பரம் நெருங்கும்போதுதான் டப்பா ஞாபகம் வந்தது. அவசரமாகக் கழுவினேன். உள்ளே போட என்னிடம் எதுவும் இல்லை. சட்டைப் பையில் இரண்டு இருமல் மிட்டாய் கிடந்தது, அதைப் போட்டு மூடிக் கொடுத்தேன். பாட்டி அங்கேயே திறந்து பார்த்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், இன்னொன்றை முந்தானையில் முடிந்துகொண்டார், டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு இறங்குவதற்குச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.